சீதனமாய்ப் போன ராசா வேசம்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனம் என்றால் வீடும் வளவும். வசதி இருந்தால் வட்டையில் ஒரு துண்டு வயலும் சேரும். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் வந்து குடியேறுவார். இதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் என் மாமனார் தன் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தபோது வீடு, வளவு, வயலோடு ராசா வேசத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதுதான் புதினம்.

மாமா எங்கள் ஊர் நாடக மன்றத்தின் தலைவர். நாடகம் எழுதுவதும் அவர், பழக்குவதும் அவர், முழங்கால் சம்மதித்த வரைக்கும் ராசாவாக ஆடியதும் அவர்தான். முழங்கால் மறுத்துவிட்ட வருடம் மூத்த மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக வேலை பார்த்த அந்த மாப்பிள்ளைக்கு முடியும் வாளும் போயின. அவருக்குக் குரல் என்று ஒன்று இருந்தது உண்மை. அது முன்வரிசைக்கு மட்டும் கேட்கும். இரண்டாவது மகள் கலியாணம் முடித்த ஆளுக்கு மந்திரி வேசம் கிடைத்தது. நான் மூன்றாவது மகளைக் கட்டினேன். நான் பெட்டியோடு வந்து சேர்ந்த நேரம் மன்றத்தில் மிச்சமாக இருந்தது ஒரு ஈட்டி.

அந்த ஈட்டியைக் கமுக மரச் சிலாகையில் நானே செய்தேன். முனைக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன் என்பதால் பிடிக்குக் கிழிந்த ரியூப் சுற்றினேன். காவலாளியாக எனக்கு இரண்டு வசனம். "மகாராஜா, யாரோ வருகிறார்கள்" என்பது ஒன்று. ராசா "வரச் சொல்" என்பார். நான் "உத்தரவு" என்பேன். நாடகம் மாறும், ராசாவின் பெயர் மாறும், என் இரண்டு வசனமும் மாறாது.

மன்றத்துக்கு ஊரில் வைத்த பெயர் 'மாமன் மச்சான் மன்றம்'. நல்ல குரலோடு எத்தனையோ பேர் வெளியே நின்றார்கள். மாமாவின் மகளைக் கட்டாதவனுக்குத் திரை இழுக்கிற வேலைதான். அவர்கள் என்னையும் சேர்த்துத்தான் ஏசினார்கள். ஊருக்கு நான் உள்வீட்டு ஆள், உள்வீட்டுக்கு நான் வாசற்காவல்.

இதில் நான் கவலைப்பட்டேன் என்று சொன்னால் பொய். கவலைப்பட்டது என் மனைவி. கோயிலடியில், கலியாண வீட்டில், மீன் வாங்கும் இடத்தில் அவளுடைய அக்காவை "ராசாட பொஞ்சாதி" என்பார்கள். இவளை "ஈட்டிக்காரன்ட பொஞ்சாதி" என்பார்கள். ஒருநாள் யாருடையதோ காதுகுத்துக்குப் போய் வந்தவள் சேலையைக் கூட மாற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்க, ஒருக்கா, ஒரேயொரு வருசம், நீங்க ராசாவா ஆடோணும். மறுகா நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

ஓம் என்றுவிட்டேன். மேடைக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கும்போது ஓம் என்பது சுகமான காரியம். அன்றிலிருந்து அடுப்படியில் ஒத்திகை. ராசாவின் வசனத்தை நான் சொல்லுவேன், அவள் மீன் பொரித்தபடி திருத்துவாள். கொப்பி ஒன்றும் அவள் கையில் இருக்காது. சின்ன வயதிலிருந்து தகப்பன் வீட்டுக்குள் உலாவி உலாவிச் சொன்னதைக் கேட்டே வளர்ந்தவள். நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவள் மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். எனக்கு அதில் ஒரு விசயமும் பிடிபடவில்லை. மீன் கருகாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு நாடா மாதிரிக் கிடக்கிறது. கிழக்கே கடல், மேற்கே ஆறு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடல் ஊருக்குள் வந்த அன்று, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, நான் மாமா வீட்டு வாசலில் குந்தியிருந்து ஈட்டிக்குப் புது வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். கிழக்கிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை, நானும் ஓடினேன். நான் வீரன் இல்லை என்பதை அன்று நிரூபித்த வேகத்தில் வேறெதையும் வாழ்க்கையில் நிரூபித்ததில்லை. ஆற்றங்கரைக்குப் போய் அணைக்கட்டில் ஏறி நின்று மூச்சு விட்ட பிறகுதான் கையைப் பார்த்தேன். வீட்டு உறுதிப்பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை, ஈட்டி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "தம்பி, அதக் கீழ போடு, ஆர்ர கண்ணிலயாவது குத்தும்" என்றார். நான் போடவில்லை. மனைவியும் பிள்ளைகளும் ஆற்றோரம் சின்னம்மா வீட்டில் இருந்தபடியால் தப்பினார்கள். மத்தியானம் அவள் என்னைக் கண்டுபிடித்தது கூட்டத்துக்கு மேலே மினுங்கிய அந்த வெள்ளித்தாளை வைத்துத்தான்.

எங்கள் நாடகங்களில் அரசியாக ஆடிய பொடியன் திரும்பி வரவில்லை. மாமாவின் தம்பி மகன். சேலை உடுத்து நடந்தால் பெண்களே நடை பழகக் கேட்பார்கள். அவனைப் பற்றி எனக்குப் பகிடி வராது.

பிறகு பள்ளிக்கூடத்தில் முகாம். கரும்பலகையில் 'இன்றைய சிந்தனை' அழிபடாமல் கிடந்த வகுப்பறையில் நாலு குடும்பம். பிறகு தகரக் கொட்டில்கள். சில மாதம் போனதும், ஆறுதல் தர வந்த நிறுவனம் ஒன்று ஒலிவாங்கியும் ஜெனரேட்டரும் தாறோம், சனங்கள் சிரிக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றது. மாமா எழும்பி உட்கார்ந்தார். அன்று பின்னேரமே மன்றக் கூட்டம். வழக்கம் போலத் தொடங்கினார்: ராசா மூத்த மருமகன், மந்திரி நடு மருமகன்.

மீன் விற்கிற ஒருவர் பின்னால் நின்றார். பெரிய தொண்டைக்காரர். அவர் சைக்கிளில் வந்தால் மணி தேவையில்லை. இத்தனை வருடம் திரை இழுத்தவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"வாத்தியார், கடல் வீட்டக் கொண்டு போயிட்டு, வளவக் கொண்டு போயிட்டு. குடுத்த சீதனம் எல்லாம் போன பொறகு, சீதனமாக் குடுத்த ராசா வேசம் மட்டும் என்னெண்டு மிஞ்சின?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். நியாயம் சரியான இடத்தில் வந்து விழுந்துவிட்டது. தகரக் கொட்டிலில் எல்லாருக்கும் ஒரே அளவு, மாமாவுக்கும் ஒரே அளவுதான். கடைசியில், ஆளைப் பார்க்காமல் குரலை வைத்துத் தெரிவு செய்வது என்று முடிவானது. எங்கள் கூத்தில் ராசா வரும்போது இரண்டு பேர் வெள்ளைச் சீலையைப் பிடித்திருப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று வரவு பாடி முடித்த பிறகுதான் சீலை விழும், முகம் தெரியும். அதே மாதிரிச் சீலைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரும் ராசாவின் வசனம் சொல்ல வேண்டும். இது முறைக்குள் இருந்ததால் மாமாவாலும் மறுக்க முடியவில்லை.

ஆனால் தீர்ப்புச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. எங்களுக்குள் ஒருவர் தும்மினாலே இன்னாரென்று தெரியும். அதனால் காத்தான்குடித் துணிக்கடை முதலாளி ஒருவரைக் கேட்டோம். அவருடைய ஊரிலும் கடல் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அப்படியிருந்தும் முதல் கிழமையே லொறியில் சாரமும் சேலையும் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தவர். மேடை நாடகம் பார்த்ததில்லை, வானொலி நாடகம் என்றால் கடையை மறந்துவிடுவார். காதால் மட்டுமே நாடகம் பார்த்துப் பழகிய மனிதர். இதைவிட நல்ல நீதவான் எங்கே கிடைப்பார்? சீலையையும் அவரே கொண்டுவந்தார்.

சீலை கொஞ்சம் கட்டையாகிவிட்டது. கால் தெரிந்தது. முதலாளிக்குத் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்குத் தெரிந்தது. முதல் ஆள் போய் நின்றதும் "அடேய், ஆணிக்கால்" என்று ஒரு குரல். உடனே பள்ளிக்கூட வாங்குப் பலகைகளைச் சாய்த்துக் காலை மறைத்தோம். பிறகு மூத்த சகலன் போய் நின்ற நேரம் மாமாவுக்கு இருமல் வந்தது. அவர் பேசி முடிய நின்றது. நடு சகலன் போனார், திரும்பவும் இருமல். முதலாளி திரும்பிப் பார்க்காமலே, "அவருக்கு ஒள்ளம் தண்ணி குடுங்க" என்றார். அதற்குப் பிறகு மாமா இருமவில்லை.

என் இலக்கம் ஏழு. ஐந்தாம் ஆள் பேசும்போதே என் வயிறு தன் பாட்டுக்கு ஒரு நாடகம் தொடங்கிவிட்டது. ராசாவின் முதல் வசனத்தை மனதுக்குள் தேடினேன். "மகாராஜா, யாரோ வருகிறார்கள்" என்பதுதான் கிடைத்தது. களுதாவளைப் பிள்ளையாருக்கு மனதுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்தேன். ஆறாம் ஆளின் நேரத்தில் அதை மூன்றாக்கினேன். மீன்காரர்தான் அந்த ஆறாம் ஆள். அவர் சொன்ன வசனம் ஆற்றுக்கு அங்கால் படுவான்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏழு" என்றார்கள். நான் மலசலகூடத்தில் இருந்தேன்.

அங்கே இருந்தபடிதான் கேட்டேன். "மந்திரியாரே! என் குடிகளின் கண்ணீர் ஒரு துளி மண்ணில் விழுந்தாலும், அது என் முடியில் விழுந்த இடி என்று அறிந்துகொள்ளும்." சத்தம் போட்டுச் சொன்ன குரல் இல்லை. மீன்காரரின் குரல் காதில் விழுந்தது, இது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. யாரடா இவன், என் இடத்தில் நின்று இப்படிப் பேசுகிறவன் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் மூச்சு வாங்குகிற இடம் வந்த பிறகுதான் விளங்கியது. அந்த இடத்தில் அவள் மூச்சு வாங்க மாட்டாள்.

நான் ஓடி வந்து சேர்ந்தபோது முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏழு. வேற கதையில்ல, ஏழுதான் ராசா." சீலையை இறக்கினார்கள். பின்னால் என் மனைவி, இடுப்பில் சேலைத் தலைப்பைச் செருகியபடி. என்னைத் தேடி வந்தவள், இலக்கம் போய்விடும் என்று இடத்தைப் பிடித்து நின்றிருக்கிறாள். நின்றவள் சும்மா நிற்கவில்லை.

பெண் ராசாவா என்று ஒரு இரைச்சல். மாமா முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "நான் ஆளப் பாக்கல்ல வாத்தியார், சத்தத்தத்தான் கேட்டன். நீங்க கேக்கச் சொன்னதும் அதத்தான்" என்றார்.

மாமா மகளைப் பார்த்தார். "மகள், இது மருமக்கமாருக்கு வாற வேசம்."

அவள் தகப்பனிடம் சண்டை போடவில்லை. அரிசி விலை கேட்கிற குரலில் சொன்னாள்:

"சீதனம் மகளுக்குத்தான அப்பா எழுதுற? மருமகனுக்கு ஆர் எழுதின?"

எங்கள் ஊரில் வீட்டு உறுதி பெண் பெயரில்தான் இருக்கும். மாப்பிள்ளை இருக்கலாம், தின்னலாம், படுக்கலாம், விற்க ஏலாது. மாமா மூத்த மகளைத் திரும்பிப் பார்த்தார். உரிமை அவளுக்குத்தானே முதல். என் மனைவியின் முகத்தில் அப்போதுதான் ஒரு பயம் வந்தது.

அக்கா கையை உதறினாள். "எனக்கு என்னத்துக்கு? ஒவ்வொரு வருசமும் நாடகத்துக்கு முந்தின நாள் இவரு சோறு தின்னமாட்டாரு, என்னையும் தின்ன விடமாட்டாரு. அவளே வெச்சிக்கட்டும்."

மூத்த சகலன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெட்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரியும், அவர் மூச்சு விட்ட விதம். பல வருடமாகத் தலையில் இருந்த நெல்மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல விட்டார். மீன்காரருக்கு மந்திரி வேசம் கிடைத்தது. மூத்த சகலன் தானாகவே கேட்டு இரண்டாவது ஈட்டி வாங்கிக்கொண்டார். "சகலன், இந்த இடத்தில காத்து நல்லா வருது" என்றார். காவலாளி வேசத்துக்கு என்னை யாரும் சோதிக்கவில்லை. அதுவும் அநியாயம்தான், ஆனால் நான் முறைப்பாடு செய்யவில்லை.

அரசி வேசத்தை மாமா யாருக்கும் கொடுக்கவில்லை. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வைத்து அதில் மடித்த சேலை ஒன்று போட்டோம். ராசா அந்தக் கதிரையைப் பார்த்து வசனம் பேசினாள். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் மாமா வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார்.

நாடகம் முகாம் திடலில், பின்னேரம் நாலு மணிக்கு. மாமா எனக்கு ஒரு புதுமை வைத்திருந்தார். பகை வருகிற செய்தியை நான் மேடையின் ஓரத்திலிருந்து சொல்லக்கூடாது. சனத்துக்குப் பின்னாலிருந்து, நடுவால் ஓடிவந்து மேடை ஏறிச் சொல்ல வேண்டும். "நடந்து வந்து சொன்னா பகை எண்டு ஆர் நம்புவான் மருமகன்? உயிரக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடி வரோணும்." இத்தனை படித்த மனிதர், இத்தனை பேர் ஒத்திகை பார்த்தோம், ஒருவருக்காவது தோன்றவில்லை. திடலின் பின்பக்கம் கிழக்கு. கடல் பக்கம்.

தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஈட்டியோடு நின்றேன். மேடையில் அவள் பேசுகிறாள். என் முறை வந்தது. வசனம் போய்விட்டது. பதினைந்து வயதிலிருந்து சொல்லி வந்த வசனம் இல்லை என்றாலும், கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லி வந்தது. அது போய்விட்டது. வசனம் இல்லாவிட்டாலும் ஓட்டம் இருக்கிறதே என்று வாயைத் திறந்தபடி ஓடினேன்.

அந்த வருடம் எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கிழக்கிலிருந்து ஒருவன் ஓடிவந்தால் ஏன் என்று கேட்கக்கூடாது, ஓட வேண்டும். பின்வரிசையில் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கினாள், ஓடினாள். பிறகு வரிசை வரிசையாகத் திடல் எழும்பியது. நான் ஏன் ஓடுகிறேன் என்று அந்தத் திடலில் எல்லாரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் அத்தனை பேர் ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது, கடல் வருகிறது. மேடையைத் தாண்டினேன். மந்திரி எனக்கு முன்னால் குதித்து ஓடினார். சகலன் ஈட்டியைச் சாத்தி வைத்துவிட்டு ஒழுங்காக ஓடினார், கச்சேரிக்காரர். எங்கள் எல்லாருக்கும் முன்னால், முழங்கால் நோவென்று ராசா வேசத்தையே விட்டுக்கொடுத்த மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படலையைக் கடந்துகொண்டிருந்தார்.

ராசா மட்டும் ஓடவில்லை. மேடையில் நின்றவளுக்குச் சனத்தின் தலைக்கு மேலால் கிழக்குத் தெரிந்தது. தென்னைகள் அசையாமல் நின்றன. வெறும் றோட்டில் ஒரு ஆடு நின்றது. அவள் பேசினாள், முதல் சொல் ராசாவின் குரலில், மிச்சம் தன் குரலில்:

"நில்லுங்கள்! நில்லுங்க எல்லாரும். கடல் வரல்ல. வாறது என்ட மனிசன்."

ஜெனரேட்டருக்கும் ஒலிவாங்கிக்கும் அந்த நிறுவனத்தை இன்றைக்கும் வாழ்த்துகிறேன். சொல் ஆற்றங்கரை வரைக்கும் போனது. ஓடின சனம் நின்றது. மேடையைத் திரும்பிப் பார்த்தது, பிறகு என்னைத் தேடியது. பார்த்தால் ஆற்றில் கணுக்கால் தண்ணியில், ஈட்டியை உயர்த்திப் பிடித்தபடி நான். முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு கரை முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதவர்களும் இருந்தார்கள். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு அந்தச் சனம் அப்படிச் சிரித்ததை நான் முதல்முறை கேட்டது அன்றைக்குத்தான். நிறுவனம் கேட்ட வேலையைக் காவலாளி செய்து கொடுத்துவிட்டான்.

எல்லாரும் திரும்பி வந்து உட்காரும் வரை அவள் சிம்மாசனத்தில் இருந்தாள். நான் மேற்கிலிருந்து நனைந்த காலோடு மேடையேறினேன். "காவலா, சொல்ல வந்ததைச் சொல்" என்றாள். வசனம் வந்துவிட்டது. சொன்னேன்.

அடுத்த வருடமே நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஈட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன என்னைச் சென்றிக் காவலரணில் மறித்து, வெள்ளித்தாளைத் தட்டிப் பார்த்துவிட்டு, துவக்கோடு நின்ற பொடியன் சிரித்தபடி போகச் சொன்னான். அவனும் காவலாளி, நானும் காவலாளி. அதற்குப் பிறகு மன்றம் மூடிக் கிடந்தது. சண்டை முடிந்த பிறகுதான் திரும்பவும் கூடினோம். பின்னேரம் கூடினால் பொழுதுபடுமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் முதல்முறையாக இல்லை. கொஞ்சப் பேர், ராசாவை மட்டும் சோதிக்க வேண்டாம், அவவே இருக்கட்டும் என்றார்கள். இனி 'ஈட்டிக்காரன் வீட்டு மன்றம்' என்று பெயர் வைக்கப் போகிறார்கள் என்று நான் பயந்தேன். அவள் விடவில்லை. தானும் சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த முறை மீன்காரர் வென்றார், நியாயமாக. இத்தனை வருடத்தில் அவர் சத்தத்தைக் குறைக்கப் பழகியிருந்தார். இவளுக்கு மந்திரி. முகம் வாடுமோ என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து மீன் பொரித்தபடி, ராசாவை எங்கே எங்கே மடக்கலாம் என்று மந்திரியின் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுச் சீலை வாங்கக் காத்தான்குடிக்கு இரண்டு பேருமாகப் போனோம். முதலாளிக்குத் தாடி நரைத்திருந்தது. எங்களைக் கண்டதும் கடைப் பொடியனிடம், "ராசா வந்திரிக்கிறா, கதிரை கொண்டு வா" என்றார். மந்திரிதான் இப்ப என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அது உங்கட ஊர்க் கணக்கு, நமக்கு நீங்க ராசாதான்" என்றார்.

கதிரை ஒன்றுதான் வந்தது. அவள் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டேன், பழக்கம்.